பசிக்க வைக்கும் உப்பு

"சுடக் கூடாதுக்கா, சட்டம் விடாது" என்றார் வனத்துறை ஆய்வாளர் இளவழுதி. சூசம்மாளின் மகளைத் தேயிலைக் காட்டில் சிறுத்தை இழுத்துப்போன வாரம் அது.

அவரிடம் வேறொரு வழி இருந்தது. லித்தியம் கார்பனேட் தூளை அமிலத்தில் போட்டார். நுரைத்து அடங்கியதைச் சுண்டக் காய்ச்சினார். மிஞ்சியது வெள்ளை உப்பு. மூடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தானே கரைந்துவிடும்.

"இதை ஆட்டுக்கறியில தடவிப் போட்டா, தின்னுட்டு வாந்தி எடுக்கும். சாகாது. அப்புறம் ஆட்டு வாடையே அதுக்கு ஆகாது. ஆட்டுக்காகத்தானே உங்க லயன் வீட்டுப் பக்கம் வருது?"

"சாக வேண்டாம் சார்" என்றாள் சூசம்மாள். "பசிக்கணும்."

சிறுத்தை ஆட்டை வெறுத்தது. ஆய்வாளர் கிளம்பியபோது டப்பாவில் மிஞ்சியதை அவள் ஒளித்துக்கொண்டாள். கோழி, பன்றி, நாய், கண்ணியில் சிக்கிய மான் என்று ஒவ்வொரு கறியிலும் தடவிக் காட்டோரம் போட்டாள். விடிந்ததும் வாந்தியைத் தேடிப் போவாள். அதைக் கண்ட அன்றுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

மழை ஓய்வதற்குள் சிறுத்தையின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. தேயிலைச் செடிகளுக்கிடையே நின்று அது அவளையே பார்த்தது. அது இன்னும் வெறுக்காத கறி ஒன்றுதான் பாக்கி இருந்தது.

சூசம்மாள் டப்பாவைக் கழுவி, அந்த உப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். வாசலில் வந்து, காட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பின்னால் சருகு நொறுங்கியது.

"வா" என்றாள். "இதையும் தின்னுட்டுப் பட்டினி கெட."