புழுதி வேலி

“உதென்னக்கா, வேலி இஞ்சாலை வந்து நிக்குது!”

பஸ்ஸால் இறங்கி வந்த கனகாம்பிகை வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டாள். ஒரு கையில் மகள் பத்மாசினி, மறுகையில் மருந்துப் போத்தல்.

பிள்ளையோடு மூன்று நாள் ஆசுப்பத்திரியில் இருந்துவிட்டு வருகிறாள். போகும்போது பக்கத்துவீட்டுத் தம்பிராசாவின் எல்லையில் நின்றது இடுப்பளவுக்குச் சரிந்த பழைய கிடுகுவேலி. இப்போது ஆளுயரத்துக்கு மேலே, இரட்டையாய் அடைத்த பனையோலை வேலி! வேலிக்கு நின்ற பழைய கதியால் மரம் ஒன்றையும் காணவில்லை. வீட்டு வளவே சுருங்கிப்போன மாதிரி இருந்தது.

பூட்டின வீட்டின் திறப்பை வைத்திருந்த முன்வீட்டுப் பூரணமக்கா கிட்ட வந்து குசுகுசுத்தாள். “நீ வெளிக்கிட்ட அண்டைக்கே துவங்கிட்டான் பிள்ளை. ஆளில்லாத நேரம் பாத்து அரக்கிப்போட்டான்.”

வேலி அரக்குவதென்றால் லேசுப்பட்ட விஷயமா? எல்லையில் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டான் என்று கோட்டுப் படியேறி வழக்காடி, மூன்று தலைமுறை முகம் பாராமல் திரிகிற சனம் இந்த ஊரிலேயே இருக்கிறது.

கனகாம்பிகையின் மனுசன் கொழும்பில் கிளாக்கர். இந்தக் காணிதான் நாளைக்குப் பத்மாசினியின் சீதனம். கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டானே!

ஏன் செய்தான் என்றும் அவளுக்குத் தெரியும். எல்லாம் அந்தப் புழுதிச் சண்டைதான்.

பிள்ளைக்குத் தொய்வு. மூச்சு இழுக்கத் தொடங்கினால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. வீட்டில் தூசி இருக்கப்படாது என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து பஞ்சுத் தலகணியை எறிந்தாள். சுவரில் கிடந்த கலண்டரையும் படங்களையும் இறக்கினாள். நாளுக்கு மூன்றுதரம் ஈரத்துணியால் நிலம் துடைத்தாள். துடைத்து என்ன? சோளகக் காற்று அடிக்கிற காலம். தம்பிராசா தோட்டத்துக்கு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டிப்போனால் அந்தச் செம்மண் புழுதி முழுக்க அவளுடைய வீட்டுக்குள்தான்.

போன கிழமை பொறுக்கமாட்டாமல் வேலியடியில் நின்று கத்திவிட்டாள்.

“என்ரை பிள்ளையைக் கொல்லவோ அண்ணை உப்பிடிப் புழுதி கிளப்புறியள்?”

தம்பிராசா “பாப்பம்” என்றுவிட்டுப் போனார்.

“பாத்திட்டார்! நல்ல வடிவாப் பாத்திட்டார்!” கனகாம்பிகை பல்லைக் கடித்தாள்.

அந்தக் கோபத்தோடேயே வீட்டைத் திறந்து நிலத்தைத் துடைத்தாள். மூன்று நாள் பூட்டிக் கிடந்த வீடு. துணியில் சிவப்பு அவ்வளவாக ஏறவில்லை. அவளுக்கு அது கண்ணில் பட்டால்தானே!

கண்ணில் பட்டது வேறொன்று. வேலியின் இந்தப் பக்கத்தில், வரிசையாய், இலை உருவின இருபது தடிகள்.

“அக்கா, இஞ்சை ஓடியாங்கோ! என்ரை காணிக்குள்ளை தடியும் நட்டெல்லோ வைச்சிருக்கிறார்!”

“நாளைக்கு உதுவும் தன்ரை காணியெண்டு வழக்குப் பேசத்தான். பிடுங்கடி பிள்ளை!”

பிடுங்கினாள். இருபதையும் பிடுங்கி முறித்துக் குசினி அடுப்படியில் எறிந்தாள். பிறகு பெட்டியைத் திறந்து காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஊர் விதானையாரிடம் முறையிட நடந்தாள்.

பின்னேரமே விதானையார் ஆழ்வாப்பிள்ளை அளவுநாடாவோடு வந்துவிட்டார். தம்பிராசாவும் வந்து ஒரு கரையில் நின்றார். மனுசனின் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. கள்ளனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று கனகாம்பிகை கறுவிக்கொண்டாள். என்றாலும் வந்தவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்காமல் விடலாமா? அடுப்பை மூட்டிக் கேத்திலை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“உறுதியின்படி உன்ரை கிணத்துக்கட்டிலையிருந்து எல்லைக்கு நாப்பத்திரண்டடி. மற்றத் தலைப்பைப் பிடி பிள்ளை.”

நாடா இழுபட்டது. விதானையார் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

“நாப்பத்தைஞ்சு.”

“பாத்தியளோ! மூண்டடியை விழுங்கிப்போட்டார்!”

“எடி பிள்ளை, விழுங்கினால் குறையவெல்லோ வேணும். உனக்கு மூண்டடி கூடியிருக்கு.”

வேடிக்கை பார்க்க வந்த பூரணமக்கா படலைப் பக்கம் நழுவினாள்.

“தம்பிராசா, உமக்கென்ன விசரோ?” என்றார் விதானையார்.

தம்பிராசா தலையைச் சொறிந்தார். “வேலியை உயத்தினால் அரைவாசிப் புழுதி மறிபடும். மிச்சத்துக்கு ஆடாதோடை வைச்சால் அடர்த்தியா வளரும், இலை பிள்ளையின்ரை தொய்வுக்கும் நல்லது. ஆய்ஞ்செடுக்க இவையின்ரை பக்கம் நிண்டால்தானே வசதி? கேளாமல் இவையின்ரை காணியிலை கிடங்கு கிண்டலாமோ? அதுதான் என்ரையிலை மூண்டடி விட்டனான்.”

சொல்லிவிட்டு வேலியடியைப் பார்த்தார். “நட்ட தடியளைக் காணேல்லை...”

கனகாம்பிகை பின்னால் திரும்பிப் பார்த்தாள். குசினிக் கூரையால் புகை திரண்டு வந்துகொண்டிருந்தது. விதானையாரின் தேத்தண்ணிக்கு அவள் அடுப்புக்குள் தள்ளிவிட்டு வந்தது அந்தப் பச்சைத் தடிகளைத்தான். உள்ளே பத்மாசினி இருமத் தொடங்கினாள்.

தம்பிராசா புகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். விளங்கிவிட்டது.

“அதுக்கென்ன பிள்ளை, தடி என்னட்டை இன்னும் கிடக்கு, நாளைக்கு நட்டுவிடுறன். நீ முதல்லை ஓடிப்போய்த் தண்ணி ஊத்தி அடுப்பை நூர். உந்தப் புகை பிள்ளைக்குக் கூடாது.”