நாளைக்குரிய மன்னா

மாலை ஜெபம் முடிந்ததும் பைபிளில் ஒரே ஒரு அத்தியாயம்தான்; அதற்குமேல் ஒரு பக்கம்கூடப் புரட்டக் கூடாது என்பது நேசமலர் வீட்டுச் சட்டம். கதைப் புத்தகமானாலும் அதே சட்டம்தான். “வனாந்தரத்துல வானத்துலருந்து பெய்த மன்னா அப்பம் கணக்கா, நாளைக்குள்ளத இன்னைக்கே எடுத்தா புழு வச்சிரும் மக்ளே” என்பாள். மகள் ஜெபசீலி முணுமுணுத்துக்கொண்டே சிவப்பு ரிப்பனை வைத்துப் புத்தகத்தை மூடுவாள்.

அப்போது இருவரும் சேர்ந்து படித்துவந்த நாவலில் சூசன் என்ற பெண் வீட்டைவிட்டுப் போகும் அத்தியாயத்தைப் படித்த மறுநாள், ஜெபசீலி தான் விரும்பியவனோடு போய்விட்டாள். அன்று நேசமலர் ஜெபம்கூடப் பண்ணாமல், நின்ற வாக்கிலேயே மீதிக் கதை முழுவதையும் படித்து முடித்தாள். சூசன் திரும்பி வரவேயில்லை. ரிப்பனைப் பழைய இடத்திலேயே வைத்து மூடினாள்.

இரண்டு கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு போன் வந்தது. தோத்திரம் என்ற வணக்கம் இல்லை, சுகமா என்ற கேள்வி இல்லை.

“அம்மா, அந்த சூசன் வீட்டுக்கு வந்தாளா?”

பொய் சொல்லியே பழக்கமில்லாத நேசமலர், புத்தகத்துக்கு வெளியே தொங்கிய ரிப்பன் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் படிக்கல மக்ளே. நீ வச்ச எடத்துலதான் இருக்கு. நீ இல்லாம நான் எப்பிடிப் படிக்க?”