பதினாறு நாள் கண்டனம்

மாலை சரியாக நான்கு மணிக்குச் சுவர்த்திரையில் அரசின் அந்த இயந்திரக் குரல் வந்துவிடும்.

"வணக்கம் அம்மா. உங்கள் கணவர் தில்லைநாயகத்தை நிறவெறியர்கள் கொன்றதை அரசு வன்மையாகக் கண்டிக்கிறது."

இந்த நாட்டில் இப்படிச் செத்தால், வீட்டாரின் தாய்மொழியிலேயே பதினாறு நாள் கண்டனம் உண்டு. தெருமுனையில் பஸ்ஸுக்காக நின்றவரைத்தான் அடித்துக் கொன்றார்கள். அக்கம்பக்கத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மகன் எழிலனும் அதே நிறுத்தத்தில்தான் சாயங்காலம் பஸ் ஏறி இரவு வேலைக்குப் போகிறான். வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கொள்கிறான்.

முதல் நாள் அந்தக் குரல் "போய் வருகிறேன்" என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது. இன்னொரு சாவுக்கா வரப் போறே?"

"மன்னிக்கவும் அம்மா. திருத்திக்கொள்கிறேன்."

மறுநாளிலிருந்து ஒன்றும் சொல்லாமல்தான் போனது. அப்புறம் நான் பேச ஆரம்பித்தேன். அவருக்கு ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருக்க வேண்டும் என்றேன். அவருடைய குறட்டையைப் பற்றிக்கூடச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டது. மூன்றரைக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

இன்று பதினாறாம் நாள். கண்டித்து முடித்ததும், நான் சொல்லிக்கொடுத்தபடியே, விடைபெறாமல் திரை மங்கத் தொடங்கியது.

"போயிட்டு வாப்பா" என்றேன்.

சொன்ன வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எழிலன் அந்த நிறுத்தத்தில் நிற்கிற நேரம் அது.