கடைசிப் பட்டன்

"போதும்லா" என்றது மடிக்கணினி.

சூசைநாதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மறுபடியும் அதே தவறு.

அவர் இன்னும் எதையும் ஊட்டவே ஆரம்பிக்கவில்லை. கஞ்சி அடுப்பில்தான் இருக்கிறது. மனைவி ஜோசபினின் உதடுகள் காய்ந்து கிடந்தன. தண்ணீர் கேட்கத்தான் அழுத்தியிருப்பாள்.

போன வருடம் அவளுடைய பேச்சு போனது. பிறகு கால்கள். பிறகு இடது கை. நரம்புகளைத் தின்னும் நோய், ஆனால் புத்தி தெளிவாகவே இருக்கும் என்றார் டாக்டர், அது ஏதோ ஆறுதல் என்பதுபோல. இப்போது வலது கை கொஞ்சம் நகர்கிறது. அதிலும் ஒரு விரல்தான் அவள் சொன்னபடி கேட்கிறது.

அந்த விரலுக்காகத்தான், காலமெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், புக்கிட் பாத்தோக் சமூக மன்றத்தில் கணினி நிரல் எழுதும் வகுப்பில் போய் உட்கார்ந்தார். சுற்றிலும் பேரப்பிள்ளை வயதுக்காரர்கள்.

மல்லாத்தி வைக்கக்கூடிய தொடுதிரையில் வரிசையாக நான்கு பட்டன்கள். தண்ணி. வலிக்குது. திருப்புங்க. போதும்லா. தொட்டால் ஜோசபினின் குரலே பேசும். அவள் எப்போதோ அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகளிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வெட்டி எடுத்திருந்தார். "போதும்லா", அவர் தேக்கா சந்தையில் இறால் வாங்கிக்கொண்டிருந்தபோது வந்த செய்தி. அதன் ஓரத்தில் அவளுடைய சிரிப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை.

ஊட்டும்போது நிறுத்தச் சொல்ல ஒரு சொல் வேண்டுமே என்று அதைக் கடைசியில் வைத்தார்.

போன வாரம் எந்தப் பட்டனைத் தொட்டாலும் "போதும்லா" என்றே வந்தது. செங்காங்கில் இருக்கும் மகள் அபிகேல்தான் போனில் காரணத்தைக் கண்டுபிடித்தாள். நான்கு பட்டன்களையும் அவர் நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரே சுற்றில் உருவாக்கியிருந்தார். சுற்று முடிந்தபோது மிஞ்சியிருந்த கடைசிச் சொல்லையே நான்கும் பிடித்துக்கொண்டன. பட்டன் உருவாகும்போதே அதற்குரிய சொல்லை அதனிடம் கொடுத்துவிட வேண்டுமாம்.

இன்று காலை அந்த வரியைத் திருத்தினார். திருத்தியும் இப்படி.

கணினியைத் தன் பக்கம் திருப்பி, முதல் பட்டனைத் தொட்டார்.

"தண்ணி."

இரண்டாவதைத் தொட்டார்.

"வலிக்குது."

மூன்றாவதும் சரியாகவே சொன்னது. நான்காவதை அவர் தொடவில்லை.

"இப்ப அழுத்து ஜோஸி, நல்லாத்தான் வேலை செய்யுது" என்று கணினியைப் பழையபடி அவள் கைக்கடியில் வைத்தார்.

இவ்வளவு நேரமும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், இந்தத் தடவை விரலைப் பார்த்தார்.

தண்ணி, விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அடிக்கடி கேட்பாள் என்று அவர்தான் அங்கே வைத்தார். விரல் அங்கே நிற்கவில்லை. பட்டன்களுக்குக் கீழே இருந்த வெற்று இடத்தில் மெதுவாக ஊர்ந்தது. வலிக்குதுவைத் தாண்டியது. ஓய்ந்தது. அவள் மூச்சு வாங்கினாள். மறுபடியும் ஊர்ந்தது. திருப்புங்கவையும் கடந்தது. ஆகத் தொலைவில் இருந்த மூலையை அடைந்து, மேலே ஏறி, அழுத்தியது.

"போதும்லா."

சிரிப்பின் ஓரத்தோடு.

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சிமிட்டவில்லை.

போன வாரமும் அவர் விரலைப் பார்க்கவில்லை. அப்போதும் அது இந்த மூலைக்குத்தான் வந்ததோ.

மேசையில் கிடந்த போன் அடித்தது. அபிகேல். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுகிறாள். எடுத்து ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் ஓரத்தில் வைத்தார்.

"டாடி, இப்ப ஓகேவா? பட்டன் சரியா வருதா?"

"இல்லம்மா" என்றார். "இன்னும் சரியாகல. எதத் தொட்டாலும் அதேதான் வருது."

"அதெப்படி? கோட் அனுப்புங்க, நான் பாக்கறேன்லா."

"இருக்கட்டும்மா. அடுத்த வாரம் வகுப்புல கேட்டுக்கறேன். அவசரமில்ல."

ஜோசபினின் கண்கள் அவர் முகத்தை விட்டு விலகிக் கீழே போயின. விரல் திரும்பியது. வந்த வழியே, நின்று நின்று, தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

"தண்ணி" என்றது கணினி.

"டாடி! மம்மி குரல்! சரியாயிடுச்சு டாடி, சரியாத்தான் வருது!" அபிகேல் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பின்னால் தட்டுகளும் நாற்காலிகளும் சத்தம் போட்டன. யாரிடமோ, எங்க அம்மா பேசறாங்க என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

சூசைநாதன் தம்ளரை எடுத்து உறிஞ்சு குழாயை அவள் உதட்டில் வைத்தார்.

உதடு திறக்கவில்லை.

குழாயை லேசாக அழுத்தினார். அவள் முகத்தைத் திருப்ப முடியாதவள். கண்களை மட்டும் மூடித் திறந்தாள். அவளுக்குத் தாகம் இல்லை. கணினியில் தவறு இல்லை என்று மகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"மம்மி, இன்னொரு வாட்டி பேசுங்க மம்மி. ப்ளீஸ்."

விரல் நகரத் தொடங்கியது. முதல் பட்டனைத் தாண்டியது.

அபிகேல் கேட்பதற்குள் போனை அணைத்துவிடலாம். அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

அவர் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுவில் ஓய்ந்து நின்ற அவள் மணிக்கட்டுக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்து, பாரம் தெரியாமல் தாங்கிக்கொண்டார்.