மேற்கு வீட்டு நத்தைகள்

அவர் குனிந்தார்.

சமையலறை ஜன்னலில் நின்று அவள் பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். கீழே விழுந்த பேனாவைக்கூடக் கண்ணால் காட்டி எடுத்துத் தரச் சொல்கிற மனுஷர்.

குனிந்திருப்பது மதில் சுவருக்கு அந்தப் பக்கம். மேற்கு வீட்டில், கோகிலவாணி டீச்சரின் கீரைப் பாத்தியில்.

வாளி மட்டும் இவள் வீட்டு வாளி.

“ஆப்பிரிக்கப் பெருநத்தைங்க டீச்சர். அக்கட்டினா ஃபூலிகா.”

“அப்படீங்களா சார்!” டீச்சர் கண்களை விரித்தாள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லித்தருகிறவள். விரித்த கண்கள் வரைந்தது மாதிரியே இருந்தன. அதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை.

வேளாண்மைத் துறையில் இணை இயக்குநராக இருந்தவர் ஈஸ்வரமூர்த்தி. ஓய்வு பெற்று நாலு வருஷம். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை இன்னும் ஓய்வு பெறவில்லை.

போன ஐப்பசி மழையில் இவளுடைய அவரைக்கொடியை நத்தைகள் மொட்டையடித்தன. என்ன செய்யலாம் என்று அவரைக் கேட்டாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

“உப்பப் போடு.”

இலாகாவின் மொத்த அனுபவமும் அவளுக்கு ரெண்டு வார்த்தையில் கிடைத்தது.

டீச்சருக்கு முழு வகுப்பு. சாயந்திரம் பாத்தியில் ஈரச் சாக்கை விரிக்க வேண்டும். அடியில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் தழையும். இருட்டில் மேய்ந்த நத்தைகள் விடியும்போது அதனடியில் ஒதுங்கும். சாக்கைத் தூக்கினால் பொறுக்கிவிடலாம்.

விரிக்கச் சாயந்திரம் ஒரு நடை. தூக்கக் காலையில் ஒரு நடை.

மாத்திரை மாதிரி, ரெண்டு வேளை.

சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நத்தை பிடிக்கப் போகும் ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

நத்தை இருந்தால்தானே போவார்?

மறுநாள் வெளுக்கும் முன்பே மதிலில் இருந்த நடுக்கதவைத் திறந்துகொண்டு மேற்கு வீட்டுக்குள் நுழைந்தாள். சாக்கின் ஒரு முனையைத் தூக்கினாள்.

ஒன்றுகூட இல்லை.

முட்டைக்கோஸ் தழை கடிபடாமல் பச்சையாகக் கிடந்தது.

நடுக்கதவு கிரீச்சிட்டது. வாழைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

வாளியோடு அவர்தான்.

சாக்கை விலக்கினார். வாளிக்குள் கைவிட்டு ஒவ்வொரு நத்தையாக எடுத்துவைத்தார். பந்தியில் இலை போடுகிற பக்குவம். ஒன்று விலகி ஊர்ந்தது. மெல்லத் திருப்பி வரிசையில் சேர்த்தார். பிறகு சாக்கை மூடிவிட்டு, தலையைக் கோதிக்கொண்டு, டீச்சர் வீட்டுப் பின்கதவு திறப்பதற்காகக் காத்து நின்றார்.

எல்லாம் இவளுடைய நத்தைகள்.

அவரைப் பந்தல் இந்த வருஷம் ஏன் இப்படிக் காய்த்துத் தொங்குகிறது என்று அப்போதுதான் விளங்கியது. உப்பு, உப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மோட்டார் ரூமிலும் போய்ப் பார்த்தாள். மூலையில் ஒரு மண்சட்டி, மேலே பலகை. உள்ளே ஈர மண், அவள் பொரியலுக்கு வாங்கி வைத்திருந்த முட்டைக்கோஸ். உப்புத் தண்ணீரில் போடுவதாக அவர் டீச்சரிடம் சொல்லி வாங்கிவரும் நத்தைகள் இங்கேதான் குடித்தனம். காலையில் பிடிபடுவதும் பகலில் சாப்பிடுவதும் அதே நத்தைகள்.

கோபம் வரும் என்று நின்றாள்.

அவளுக்கு உறைத்தது வேறு. இந்த மனுஷர் தினமும் அவளுடைய பந்தலுக்கடியில் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வோர் இலையாகப் புரட்டியிருக்கிறார். இன்னொருத்திக்காக.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எழ நேரமாகும் என்று, நத்தைகளை வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்திருந்தார். மதில் மேல் டீச்சரின் தலை தெரிந்தது.

“அக்கா, சார்கிட்டச் சொல்லீருங்க. எங்கண்ணன் ரெண்டு வாத்து கொண்டாந்து உட்டுட்டாருங்க. வந்ததும் வராததுமா சாக்குக்கடியில இருந்ததையெல்லாம் முழுங்கீருச்சு. பாவம், இந்த வயசுல அவரு எதுக்குங்க குனிஞ்சு நிமுந்துட்டு?”

“என்னங்க டீச்சர்? சரியாக் கேக்கல.”

“இந்த வயசுல எதுக்குங்கன்னேன்.”

ரெண்டாம் தரம் இன்னும் இனிப்பாக இருந்தது. ஓர் எழுத்து சிந்தாமல் கொண்டுபோய் அவரிடம் சேர்த்தாள்.

அவர் பேப்பரை மடித்தார். “நல்லது. வாத்து நல்ல முறைதான். இயற்கை முறை” என்றார்.

குரலில் இலாகா இல்லை.

அடுத்த நாள் சட்டை தேய்க்கவில்லை. அதற்கடுத்த நாள் சவரமும் செய்யவில்லை. அவளுக்கு ரெண்டு நாளும் சோறு ருசித்தது.

மூன்றாம் நாள் அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் வலித்திருக்கிறது. சொல்லவில்லை. வேட்டிக்குக் கீழே கால் மெலிந்து தெரிந்தது.

இந்த வயசுல.

டீச்சர் எப்படிச் சொல்லலாம் அதை?

மோட்டார் ரூம் சட்டி காலியாகக் கிடந்தது. அவள் தோட்டத்துக்குப் போனாள். அவர் கண்ணில் பட ஒரு நத்தையாவது இருக்கிறதா என்று பந்தலுக்கடியில் தேடினாள். தொட்டிகளை நகர்த்தினாள். துவைக்கிற கல்லின் இடுக்கில் கைவிட்டுத் துழாவினாள். மனுஷர் ஒன்று விடாமல் பொறுக்கியிருக்கிறார்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மதிலோரம் வந்தாள். அந்தப் பக்கம் வாத்துகள் பேசிக்கொண்டிருந்தன.

“டீச்சர்.”

“சொல்லுங்க்கா.”

“வாத்து முழுங்க முடியாம பெரிய நத்தை எதாச்சும் மிஞ்சிக் கெடக்குதுங்களா?”

“ஒண்ணு ரெண்டு இருக்கும்ங்க. எதுக்குங்க்கா?”

அவள் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குரலைத் தணித்தாள்.

“சாருக்குத் தெரியாம குடுங்க.”