உள்ள வரலாமா?

"உள்ள வரலாமா, மேடம்?" குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

கதவைத் திறந்த தாய்க்குப் புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார்!

உள்ளே மூத்தவள் தலையில் மாட்டிய பாத்திரம் கழலாமல் அலறிக்கொண்டிருந்தாள். இளையவள் அதில் தாளம் போட்டாள்.

"சத்தியமா நான் அடிக்கல!"

"தெரியுது. எண்ணெய் இருக்கா?"

தடவி இழுத்ததில் பாத்திரம் கழன்றது. நால்வரும் வழுக்கி விழுந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"நேரா அடுப்படிக்குள்ள புகுந்து சோதிக்கணும்னுதானே விதி? நீங்க ஏன் வாசல்லயே நின்னு கேட்டீங்க?" என்றாள் தாய்.

"யார் வீடா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் போவேன். அதுக்குத்தானே போன மாசம் எனக்கு மெமோ கொடுத்தீங்க, மேடம்!"

அதே அலுவலகத்தின் தலைமை அதிகாரியான தாய்க்குச் சிரிப்பு மறுபடி பீறிட்டது. "இனிமே கேக்காம நுழையறவங்களுக்குத்தான் மெமோ!"