தாடைக்குள் இருந்த சமாதானம்

அந்த ஊரில் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் காதோரம் மாட்டிவிடும் கருவியைக் கழற்றவே முடியாது. வாய்க்குள் முணுமுணுப்பதைக்கூடத் தாடை அசைவிலிருந்து படித்து உரக்கச் சொல்லிவிடும். அதனால் ஊரெல்லாம் சண்டை, ஞானதுரை வீட்டில் மட்டும் அமைதி. அவருடைய தாடை மூட்டுச் சவ்வில் உருவாகியிருந்த குட்டிக் கற்கள், முணுமுணுக்கும்போதெல்லாம் ‘டக்’கென்றன. கருவி அதைச் "சரிம்மா" என்றே படித்தது.

வலி தாங்காமல் போனபோது, "புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க" என்று டாக்டர் கற்களை எடுத்துவிட்டார்.

கட்டுப் பிரித்த அன்று மனைவி ரூபி குழம்பை ஊற்றினாள். அவர் உதட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

"இன்னைக்கும் புளித்தண்ணிதானா?" என்றது கருவி.

ரூபியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "அப்போ இத்தன வருஷமா சரிம்மான்னது யாருங்க?"

ஞானதுரை கை கழுவாமலே டாக்டரிடம் ஓடினார்.

"வலிச்சா வலிச்சிட்டுப் போகுது டாக்டர். அந்தக் கல்லையெல்லாம் எடுத்த எடத்துலயே வச்சிருங்க!"